ஓலை விரித்த திருடன்

அத்தியாயம் ஆறு

பன்னிரண்டு டன் இரும்பைத் திருடிக்கொண்டு போகிறவன், தார் ரோடு கெட்டுவிடக் கூடாதே என்று எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

செபமாலையம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு அந்தக் கேள்வியின் மேலேயே நின்றிருந்தாள். அவள் காலடியில், எருத்தேன்பதி ரோட்டின் குறுக்கே, தென்னோலைகள் இரண்டு அடுக்காக விரித்துக் கிடந்தன. மேலே ஏறிப் போன கனத்தில் அவை நசுங்கி, நார் நாராகித் தாரோடு ஒட்டிப்போயிருந்தன. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலிக் கொட்டகை. அந்தப் பக்கம் உழுத காடு. நடுவில் ரோடு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"ஏனுங்கம்மா, திருடன் நல்ல குடும்பத்துல பொறந்தவனாட்ட இருக்குதுங்க," என்றான் ரத்தினசாமி.

ரத்தினசாமி அவளுடைய உதவியாளன். காரை ஓட்டுவான், பூட்டிய கதவுகளைத் தட்டுவான், பேச வேண்டாத நேரத்தில் பேசுவான். மூன்றுக்கும் சேர்த்துத்தான் சம்பளம். அவனுக்கு இந்தப் பக்கத்து மண்ணும் பேச்சும் பழக்கம். அவளுக்கு இல்லை. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாதி ஆயுளை நர்ஸாகக் கழித்துவிட்டு, பாலக்காடு டவுனில் ஒரு மாடி அறையைப் பிடித்து, வாசலில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியவள் அவள். போர்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இன்னும் இருந்தார்கள். அவளும் சில நாள் சிரித்துக்கொள்வாள்.

"ஓலையைப் பாருல. எப்ப வெட்டுனது?"

"பச்சை இன்னும் போகலீங்க. திங்கக்கிழமை வெட்டுனதாத்தான் இருக்கோணும்."

வண்டி காணாமல் போனதும் திங்கட்கிழமைதான்.

வண்டி என்றால் டாங்கி. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் தள்ளியபோது, இந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரரான கந்தப்பக் கவுண்டரின் அப்பா வாங்கி வந்தது. பீரங்கிக் குழாயை அறுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதை வைத்துப் பனந்தூர்களைப் பிடுங்கிக் காடு திருத்தினார் அவர். திருத்துவதற்குக் காடு தீர்ந்த பிறகும் மகன் அதை விடவில்லை. துடைத்து, கிரீஸ் போட்டு, வருஷம் தவறாமல் பச்சைப் பெயிண்ட் அடித்து, அதற்கென்று ஒரு கொட்டகையும் கட்டினார். ஊரில் அதைப் பட்டாள வண்டி என்றார்கள். கவுண்டரின் மனைவி நாச்சம்மாள் மட்டும் சக்களத்தி என்றாள்.

அந்தச் சக்களத்திக்கு டிரைவர் கருப்புசாமி. அவன் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து போலீஸ் லாக்கப்பில் இருந்தான். அவனுடைய மனைவி வள்ளியாத்தாள்தான் இன்று விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துச் செபமாலையம்மாளின் மாடிப்படி ஏறி வந்தவள். இப்போது ஓலைகளுக்கு அந்தப் பக்கம், புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"நாளைக்குக் காத்தால கோடதிக்கு, ஜட்ஜு முன்னால கொண்டு போயிருவாங்களாமுங்க. அதுக்கப்புறம் ஜெயில்தான்னு ஏட்டு சொன்னாருங்க. அவரு எடுக்கலீங்கம்மா. நான் கேட்டேன். ஒண்ணும் பேசாம செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

"ஓலை விரிக்கிறது யாரு பழக்கம்?"

"வண்டி எப்ப ரோட்டைத் தாண்டுனாலும் விரிக்கோணுமுங்க. முன்னொருக்கா வெயில் காலத்துல சும்மா தாண்டி, தாரெல்லாம் பேத்துட்டு வந்து, பஞ்சாயத்துல பெரிய ரகளையாப் போச்சுங்க. அப்போ இருந்து பண்ணாடி ஓலையில்லாம தாண்ட உடமாட்டாருங்க."

கவுண்டரைப் பண்ணையாட்கள் எல்லோரும் பண்ணாடி என்றுதான் சொன்னார்கள்.

"வண்டியைக் கிளப்புனா சத்தம் கேக்காதா? ஊருக்குள்ள ஒருத்தரும் எட்டிப் பாக்கலையா?"

"திங்கக்கிழமையானா கிளப்பறதுதானுங்களே. சும்மா நின்னா எஞ்சினுக்குள்ள ஆயில் எறங்கிக் கட்டிக்குமாமுங்க. அப்படியே கிளப்புனா உள்ளுக்குள்ள ஒடஞ்சு போயிருமாம். அதனால பெரிய கைப்பிடி ஒண்ணு மாட்டிச் சுத்திச் சுத்தி, அப்புறம்தான் எழுப்போணும். அந்தச் சத்தம் கேட்டா நாங்க அடுப்புல சோத்துக்கு உலை வெப்போமுங்க. எதுக்கு எட்டிப் பாக்கறது?"

"கைப்பிடியை ஒரு ஆளு சுத்திருவானா?"

"ஆகாதுங்க. ரெண்டு பேர் வேணும்."

ரத்தினசாமி தொண்டையைச் செருமினான். "அப்ப போலீஸ் பாதித் திருடனைத்தான் புடிச்சிருக்குதுங்க."

போலீஸின் கணக்கு எளிமையானது. அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், கவுண்டரும் கருப்புசாமியும். கவுண்டர் முதுகுவலி என்று ஒரு வாரமாகக் கட்டிலில் கிடக்கிறார். எனவே கருப்புசாமி. காயலான் கடைக்கு இரும்பாக விற்றிருப்பான் என்பது அவர்கள் முடிவு. அரிசிக் கடத்தலைத் தடுக்கப் பொள்ளாச்சி ரோட்டில் போட்டிருந்த செக்போஸ்டில் விசாரித்தார்கள். டாங்கி எதுவும் தாண்டவில்லை என்று பதில் வந்தது. "மேல ரெண்டு மூட்டை அரிசி கட்டியிருந்தா கண்டிப்பாப் புடிச்சிருப்பாங்க," என்று ரத்தினசாமி அதற்கும் ஒரு கருத்துச் சொல்லியிருந்தான்.

ஓலையைத் தாண்டி அவர்கள் காட்டில் இறங்கினார்கள். வண்டியின் தடம் வரப்பு வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் காடு முழுக்கப் புதிதாக உழுதிருந்தது. கட்டி கட்டியாக மண் புரண்டு வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"மாசி மாசத்துல, ஒரு சொட்டு மழையில்லாம எந்த மடையனுங்க உழுவான்?" என்றான் ரத்தினசாமி.

"தடத்தை அழிக்கணும்னா உழுவான்."

"அப்ப மடையனில்லீங்க."

வரப்போரமாகக் குனிந்து நடந்தவன் எதையோ பொறுக்கி எடுத்தான். ஒரு நட்டு. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. அதன் புரியில் பூசிய கிரீஸ் இன்னும் மஞ்சளாக, மண் ஒட்டிக்கொண்டு இருந்தது. செபமாலையம்மாள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திருட்டுகளைப் பற்றி அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. தனக்கு வேண்டியதை எடுப்பவன் ஒரு விதம். அடுத்தவனுக்கு வேண்டியதை எடுப்பவன் ஒரு விதம். முதல் ரகம் எடுத்த பொருளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரோட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு மூன்றாவது விதத்தை அவள் இதுவரை சந்தித்ததில்லை. அதைச் சந்திக்கக் கவுண்டர் வீட்டுக்கு நடந்தாள். வள்ளியாத்தாள் வாசலோடு நின்றுகொண்டாள்.

கந்தப்பக் கவுண்டர் வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். வீடு முழுக்கத் தைல வாசனை.

"வாங்க, உக்காருங்க. எந்திரிக்க முடியாதுங்க, தப்பா நெனைக்காதீங்க. முதுகு."

"படுத்தே சொல்லுங்க. வண்டி போனது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சத்தம் கேட்டுதுங்க. வழக்கமாட்டக் கருப்பன் எழுப்பறான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தாக் கொட்டகை காலி."

நாச்சம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "போனது போவட்டும்னு நானும் சொல்றேனுங்க. ஆனா சம்பந்தி ஊட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

சம்பந்தி விஷயத்தைச் செபமாலையம்மாள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சாலை வைத்திருக்கும் குப்பண்ணன். அவருடைய மகனுக்குக் கவுண்டரின் மகளைப் பேசி நிச்சயம் ஆகியிருந்தது. நிச்சயத்தன்று கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சீர்செனத்தி ஒன்றும் வேண்டாம், இந்த வண்டி ஒன்றே போதும் என்றாராம் குப்பண்ணன். எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆலை வாசலில் சிமெண்ட் மேடை கட்டி ஏற்றி வைத்தால் பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும் என்பது அவர் யோசனை. சபை நடுவில் கேட்டார். கவுண்டர் சரி என்றார். வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

"உங்களுக்குக் குடுக்க மனசு இருந்ததா?" என்று கேட்டாள் செபமாலையம்மாள்.

"வெத்தலை மாத்துனதுக்கப்புறம் மனசு எதுக்குங்க?"

அவள் நெற்றி வியர்வையைத் துடைக்கப் பையைத் திறந்து கைக்குட்டையை உருவினாள். நட்டு தரையில் விழுந்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது.

கவுண்டர் கட்டிலை விட்டு இறங்கினார். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கையை நீட்டித் துழாவி அதை எடுத்தார். துண்டின் நுனியால் மண்ணைத் துடைத்தார். புரி தேய்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். மடியில் செருகிக்கொண்டார். மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்த பிறகு ஞாபகம் வந்தவர் போல, "அம்மாடி," என்றார்.

ரத்தினசாமி மோரை மிகுந்த அக்கறையோடு குடித்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலை வேளையில் வரிசையாக நிற்பவர்களில், நிஜமாகவே நோய் உள்ளவர்கள் யார், கொழுந்து பறிக்கப் போகாமல் ஒருநாள் படுக்க ஆசைப்படுகிறவர்கள் யார் என்று பிரிப்பதுதான் செபமாலையம்மாளின் முதல் வேலையாக இருந்தது. பொய் வலிக்காரர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. அவர்களும் ஏதோ ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்து நின்றார்கள். அது உடம்பில் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"முதுகுக்கு நல்லெண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசலுக்கு வந்ததும் ரத்தினசாமி தாழ்ந்த குரலில், "நட்டை வாங்காம வந்துட்டீங்களே அம்மா. சாட்சியமில்லீங்களா?" என்றான்.

"வண்டியே போனவருக்கு நட்டு எதுக்குல?"

ரத்தினசாமி கொஞ்ச தூரம் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு, உழுத காடு வந்து முடிகிற பக்கமாகப் போனார்கள். அங்கே இறுகிய களம். தடம் பதியாத தரை. களத்தின் ஓரத்தில் ஒரு வைக்கோல் போர், வீடு மாதிரி. அதன் பக்கத்தில் இரண்டு காளைகளைக் கட்டியிருந்தார்கள். இரண்டும் வைக்கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கயிறு எட்டும் மட்டும் இழுத்துப் பிடித்து, வேலியோரத்துக் காய்ந்த புல்லை நக்கிக்கொண்டிருந்தன.

ரத்தினசாமி நின்றான். போரிலிருந்து ஒரு பிடி உருவி ஒரு காளையின் வாயருகே நீட்டினான். அது மோந்தது. பெருமூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எங்க ஊட்டு மாடா இருந்தா கையோட சேத்துத் தின்னிருக்குமுங்க," என்றபடி அவன் வைக்கோலைத் தன் மூக்கில் வைத்தான். "பெட்ரோல் வாசமுங்கம்மா."

பின்னாலேயே வந்திருந்த வள்ளியாத்தாளின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. "பாத்தீங்களா. பண்ணாடியே ஒளிச்சு வெச்சுட்டு எங்க மேல பழி. இந்தப் போரை என்ற ஊட்டுக்காரரு போன வாரம் பூராக் கஷ்டப்பட்டுப் பிரிச்சு மறுபடி அடுக்குனாருங்க. யாரையும் கிட்டச் சேத்தாம, ஒத்தை ஆளா. அடியெல்லாம் மழையில நனஞ்சு போச்சுன்னு..."

அவள் நிறுத்தினாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மழைதான் பெய்யலியே," என்றாள் அவளே, யாரிடமும் இல்லாமல்.

ரத்தினசாமி ஒரு நீளக் கம்பை எடுத்து வைக்கோலுக்குள் குத்தினான். முழ நீளம் போனதும் டங் என்று நின்றது. இரண்டாவது முறை குத்த வேண்டியிருக்கவில்லை.

போலீஸ் பிடித்தது சரியான ஆளைத்தான் என்று நினைத்தாள் செபமாலையம்மாள். மீதிப் பாதிதான் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. உள்ளே கூடு விட்டுப் போரை அடுக்கியவன் கருப்புசாமி. கைப்பிடியின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் முதுகுவலிக்காரர். ஓலை விரித்து, ரோட்டைத் தாண்டி, காட்டைச் சுற்றி வந்து இதற்குள் நுழைத்து வாயை அடைத்துவிட்டு, தடத்தின் மேல் டிராக்டரை ஓட்டியிருக்கிறார்கள். திருடர்களாக நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. வண்டி என்றால் ஓலை. கை தானாக விரித்துவிட்டது.

வள்ளியாத்தாளைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. பொய் சொல்கிறவனை அவளுக்குத் தெரியும். இன்னொருவனின் பொய்க்காக வாயை மூடிக்கொண்டு, வீட்டில் இருப்பவளைச் சாகடிக்கிறவனுக்கு என்ன மருந்து என்று அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை.

கவுண்டர் களத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, வேகமாக. கம்பைப் பார்த்தார். போரைப் பார்த்தார்.

"பெயிண்டைக் கீறிப் போட்டீங்களா?" என்றார்.

"ஏன் கவுண்டரே, தரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் செபமாலையம்மாள்.

"வெத்தலை மாத்திச் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குனா, புள்ளைய யாருங்க கட்டுவா? திருட்டுப் போச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதோட முடிஞ்சிரும்னு நெனச்சோம். சம்பந்தி தன்ற ஜீப்புலயே ஏத்திட்டுப் போயிப் புகார் எழுதிக் குடுக்க வெச்சுப் போட்டாரு. போலீஸ் வரும்னு நாங்க நெனைக்கவே இல்லீங்க."

"திருட்டுன்னா போலீஸ் வருமுங்க," என்றான் ரத்தினசாமி. "அது ஒரு பழக்கம்."

"கருப்புசாமியைப் புடிச்சப்ப?"

கவுண்டர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். "அவன் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் மறுக்க மாட்டேனுங்க. அவன் சொல்லலை. அதுக்காக நான் எப்படி முந்திக்கிட்டுச் சொல்றது? கல்யாணம் முடியட்டும். நல்ல வக்கீலா வெச்சு வெளிய கொண்டாந்தர்றேன். வள்ளி, உனக்கு அரிசி பருப்பு எல்லாம் நம்ம ஊட்டுல இருந்தே..."

வள்ளியாத்தாள் அங்கே இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, சாயங்காலம் கொசுவை விரட்டப் புகை மூட்டம் போடுவதற்காகக் கொட்டகை உத்தரத்தில் செருகி வைக்கும் தீப்பெட்டி அவள் கையில் இருந்தது. முதலில் காளைகளை அவிழ்த்து விரட்டினாள். பிறகு போரின் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

"பண்ணாடி," என்றாள். குரல் உயரவில்லை. "அவரு சொல்ல மாட்டாருங்க. நீங்களும் சொல்ல மாட்டீங்க. ரெண்டு பேரும் பெரிய மனுசங்க. நான் அப்படி இல்லீங்க. ஒண்ணு அவரு வெளிய வரோணும். இல்லே இது போவோணும். எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

"வள்ளி, உள்ளே பெட்ரோல் இருக்குது."

"தெரியுமுங்க. அதான் மாட்டை அவுத்து உட்டேன்."

அவள் ஒரு குச்சியை எடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். உரசவில்லை. செபமாலையம்மாள் நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தடுக்க வேண்டிய ஆள் தான் இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரத்தினசாமி மட்டும் சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போய், காரைப் பற்றித் திடீரென்று அக்கறைப்படுகிறவன் போல ரோட்டைப் பார்த்தான்.

கவுண்டர் வைக்கோலை வெகுநேரம் பார்த்தார். அதற்குள்ளே தெரியும் ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சட்டையைக் கேட்டு வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஸ்டேஷனில் வேலை சீக்கிரம் முடியவில்லை. சப் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் புரியும். ஆனால் இது புரியவில்லை. "டாங்க் எவிடே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கவுண்டர், "ஊட்டுலதானுங்க இருக்குது," என்றார். பொய்ப் புகார் கொடுத்தால் தனியாக ஒரு கேஸ் உண்டு என்று அவர் விளக்கியதைக் கவுண்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மேஜை மேல் இருந்த டெலிபோனைக் காட்டி, பொள்ளாச்சிக்கு ஒரு டிரங்கால் போட முடியுமா என்று கேட்டார். குப்பண்ணனிடம் அவர் பேசியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அதிகம் பேசியதாகவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வந்தவருடைய முதுகு நிஜமாகவே கொஞ்சம் வளைந்திருந்தது.

கருப்புசாமி வெளியே வந்தான். ஒல்லியான மனிதன். கவுண்டரைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்தான். கவுண்டர் வேறு பக்கம் பார்த்தார். அவன் பிறகுதான் மனைவியைப் பார்த்தான். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அந்த வெயிலில் யாருக்கும் தெரிந்திருக்கும்.

"வள்ளி," என்றான்.

அவள் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தாள். அவன் ஏறி, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

வள்ளியாத்தாள் அந்தக் கதவைச் சாத்தவில்லை. கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏறுங்க பண்ணாடி. அவரு பக்கத்துல உங்களுக்குத்தானுங்க எடம்."

பிறகு முன்பக்கம் வந்து, செபமாலையம்மாளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, நேராக ரோட்டைப் பார்த்தாள். ரத்தினசாமி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். செபமாலையம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் காரைக் கிளப்பினான்.